இடாப்பில் இல்லாத தூரம்

கணித ஆசிரியர் விடுமுறையில் சென்றிருந்த ஒரு நாள், ஒன்பதாந் தரத்து மாணவரை ஒரு பாடவேளைக்குப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்மிடம் வந்து சேர்ந்தது. 2025ஆம் ஆண்டின் முதலாந் தவணை அது. தமிழ் கற்பிக்கும் நமக்கும் கணிதத்துக்கும் நெருங்கிய உறவு எக்காலத்திலும் இருந்ததில்லை. எனினும் தூரம், வேகம், நேரம் ஆகிய மூன்றையும் வைத்து ஒரு கணக்குப் போடும் அளவுக்குப் பள்ளிப் பருவத்து ஞாபகம் கைகொடுத்தது. கரும்பலகையில் எழுதினோம்: லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தூரம் 340 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீற்றர். பிரயாண நேரம் யாது?

இருபத்தைந்தரை நிமிடம் என்று விடை வந்தது. விடை சரிதான். ஆனால் உண்மையில் எந்த விமானமும் இருபத்தைந்தரை நிமிடத்தில் லண்டனிலிருந்து பாரிசுக்குப் போவதில்லை. ஓடுபாதையில் ஊர்ந்து, மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடியும் ஊர்ந்து நிற்பதற்குள் ஒன்றேகால் மணித்தியாலம் ஆகிவிடுகிறது. இதைச் சொன்னபோது வகுப்பு சற்று விழித்துக்கொண்டது. பாரிசின் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முந்தியது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். லண்டனில் காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகிறவன் பாரிசின் கடிகாரப்படி பதினொன்றேகாலுக்கு இறங்குகிறான். அவனே பகல் பன்னிரண்டுக்குத் திரும்பிப் புறப்பட்டால், லண்டன் கடிகாரத்தில் பன்னிரண்டேகாலுக்கு வந்து நிற்கிறான். பிள்ளைகள் சிரித்தார்கள். போகும்போது இரண்டேகால் மணி, வரும்போது கால்மணி!

சிரிப்பு அடங்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், அப்ப நம்ம மேக்கணக்குலருந்து பள்ளிக்கூடத்துக்கு எத்தன கிலோமீற்றர்?"

நம்மிடம் விடை இல்லை. லண்டனையும் பாரிசையும் நாம் கண்டதில்லை. இடையிலுள்ள தூரம் மட்டும் தெரியும். மேக்கணக்கோ நாள்தோறும் நம் கண்ணெதிரே இருக்கிறது. பாடசாலைத் தாழ்வாரத்தில் நின்று நமுனுகுல மலையின் பக்கம் பார்த்தால், தேயிலைச் சரிவின் உச்சியில் வெண்மையாய் ஒரு கோடு தெரியும். அதுதான் மேக்கணக்கின் லயம். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஐந்து ஆண்டுகளாக நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

கேட்டவள் யார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வரவு இடாப்பில் சிவப்பு மையினால் அதிகமாகக் குறி இடப்பட்ட பெயர் அவளுடையது. பாடசாலை ஏழரைக்குத் தொடங்கும். அவள் எட்டு மணிக்கு வருவாள். முதல் வாரத்தில் எச்சரித்தோம். இரண்டாம் வாரத்தில் தாழ்வாரத்தில் நிறுத்தினோம். பிறகு அது ஒரு வழமையாயிற்று. அவள் வருவாள், தானாகவே தாழ்வாரத்தில் நிற்பாள், முதற் பாடவேளை முடிந்ததும் உள்ளே வருவாள். வகுப்பாசிரியராகிய நாம் இடாப்பில் குறியிட்டுவிட்டு, கடமையைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு பாடத்தைத் தொடர்வோம். பல வேளைகளில் அந்த முதற் பாடம் தமிழாகவே இருந்தது.

*

தூரத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்வதற்கில்லை. பதுளையிற் பிறந்தவன் எவனும் தூரத்தை அறியாமல் வளர முடியாது. பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே காகம் பறக்கும் தூரம் சுமார் 130 கிலோமீற்றர்தான். தார்ப்பாதையில் அது ஏறத்தாழ 230 ஆகிறது. கோச்சியில் போனால் 290. லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே 1994இல் கடலுக்கடியிற் சுரங்கம் திறந்தபின், புகையிரதம் அந்த வழியை இரண்டேகால் மணித்தியாலத்தில் கடக்கிறது. அதைவிட மிகக் குறைந்த நீளமுள்ள நமது பாதையில், கால அட்டவணை காட்டிய நேரமே ஒன்பது முதல் பத்து மணித்தியாலம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில், ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தக் கோச்சியில்தான் நாம் வீடு வந்தோம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், "உங்கள் ஊர் இலங்கையில்தானே இருக்கிறது?" என்று வேடிக்கையாகக் கேட்பார்.

கோச்சியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கடல்மட்டத்திற் புறப்பட்டு, பட்டிப்பொலவுக்கு அப்பால் ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம் வரை ஏறி, அங்கிருந்து ஊவாவின் பள்ளத்துக்கு இறங்குகிற பாதை அது. மலை செங்குத்தாய் நிற்கும் இடங்களில் வளைந்து வளைந்துதான் போகவேண்டும். தெமோதரையில் பாதை ஒரு வட்டமிட்டு, தான் விட்டுவந்த நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்தினூடே வெளிவருகிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் உருக்கு இல்லாமல் கல்லினாலும் செங்கல்லினாலும் சீமெந்தினாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டிலிருந்து நிற்கிறது. இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர் அதன் முன் நின்று படம் பிடிக்கிறார்கள். கல் சுமந்தவர் யார், மண் வெட்டியவர் யார் என்று கேட்போர் சிலரே.

கேட்கவேண்டிய வேறொரு கேள்வியும் உண்டு: இத்தனை சிரமத்தை ஏன் பட்டார்கள்? 1867இல் கண்டியை அடைந்த பாதை, 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும், 1924இல் பதுளையையும் தொட்டது. முதலில் கோப்பிக்காகவும், கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலைக்காகவும் அது மலையேறிற்று. மூட்டை துறைமுகத்துக்குப் போகவேண்டும் என்பதே அதன் ஆதி நோக்கம். மனிதர் அதில் ஏறிக்கொண்டார்கள். பாதைகள் யாருக்காகப் போடப்பட்டன என்று கேட்டுப் பார்ப்பவனுக்கு, ஒரு நாட்டின் வரலாறு பாதி விளங்கிவிடும்.

கடலைத் தாண்டினாலும் இதே கதைதான். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானம் சுமார் ஒரு மணித்தியாலத்திற் போய்விடுகிறது. பதுளையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போகும் நேரத்தில் அந்த ஊருக்குப் பலமுறை போய்த் திரும்பலாம். நம் முப்பாட்டனாரின் தலைமுறை அதே தூரத்தைப் படகிலும் கால்நடையிலும் கடந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறந்தபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 35 கிலோமீற்றர் கடலை மட்டும் கப்பல் கடந்தது. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மீண்டும் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28இல் தொடங்கியது ஓகஸ்ட் 12இல் முடிந்தது. வழியெங்கும் வரவேற்பும் உணவும் இருந்தும் பாதம் கொப்பளித்தது என்று, அதில் ஒரு நாள் நடந்துவிட்டு வந்த நம் நண்பர் சொன்னார்.

போனவர்கள் திரும்பி அனுப்பப்பட்ட பிரயாணமும் ஒன்றுண்டு. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவரானார்கள். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட கோச்சிக்கு நம் மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. போகிறவரும் அழுதார், நிற்கிறவரும் அழுதார். இன்றைய கணக்கில் அது ஒரு மணித்தியாலத் தூரம். அன்று பிரிந்தவரிற் பலர் ஒருவரையொருவர் மறுபடி காணவேயில்லை.

இவையெல்லாம் நமக்குத் தெரியும். மேடையில் ஏறி ஒரு மணித்தியாலம் பேசவும் தெரியும். ஆனால் மேக்கணக்குக்கும் நம் பாடசாலைக்கும் இடையேயுள்ள தூரம் மட்டும் தெரியவில்லை.

*

அந்தக் கேள்வி உறங்கவிடவில்லை என்று எழுதினால் அது அலங்காரமாகும். உறங்கினோம். ஆனால் அடுத்த சனிக்கிழமை, பிரட்டு நேரத்துக்கு முன்பே மேக்கணக்குக்குப் போய்ச் சேரும்படி, இருட்டோடு மலையேறினோம்.

லயத்தின் வாசலில் நம்மைக் கண்டதும் பிள்ளை திடுக்கிட்டாள். ஏதோ முறைப்பாடு சொல்ல வந்திருக்கிறோம் என்று தாய் நினைத்திருக்கவேண்டும். கதிரை எடுத்துத் துடைத்துப் போட்டுவிட்டு, தேநீரோடு வந்து நின்றுகொண்டே இருந்தார். கூடையும் கயிறும் கதவோரத்தில் ஆயத்தமாயிருந்தன. ஒன்றரை வயதுத் தம்பி பிள்ளையின் இடுப்பில் இருந்தான்.

பிள்ளை பிந்தி வருவதன் காரணத்தைக் கேட்டோம். தாய் சொன்னார்:

"அவ மேல குத்தமில்லீங்க, சேர். ஆறரைக்குப் பிரட்டு. பிள்ளக்காம்பரா ஆறே முக்காலுக்குத்தான் தொறப்பாங்க. அதுவும் அந்தப் பக்கம் மேட்டுல இருக்கு. நான் இவன விட்டுட்டுப் போனா பிரட்டுக்குப் பிந்திரும். பிந்துனா மலையில நல்ல நெர கெடைக்காது. கிலோ கொறஞ்சா அரைப்பேருதானுங்க. அதான் இவ விட்டுட்டு வாறா."

தோட்டத்தை அறியாத வாசகருக்கு ஒரு சொல் விளக்கம் வேண்டும். தொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு செக்றோலில் ஒரு 'பேர்'. குறித்த அளவு கொழுந்து நிறைவேறாவிட்டால் அது 'அரைப்பேர்', அதாவது பாதிச் சம்பளம். நாள் முழுதும் வெயிலிலும் மழையிலும் நின்றவர், அன்று பாதி மனிதராகப் பதியப்படுகிறார்.

அந்தச் சொல்லைக் கேட்டபோது நம் கைப்பையிலிருந்த இடாப்பின் நினைவு வந்தது. தாய்க்கு அரைப்பேர் விழாமல் இருக்கும்பொருட்டு மகள் பிந்துகிறாள். பிந்திய மகளுக்கு அரைப்பேர் போடுகிறவர் நாமே. கங்காணியின் கையிலுள்ள புத்தகத்துக்கும் ஆசிரியரின் கையிலுள்ள புத்தகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி வகுப்பிலே நாம் பெருமிதத்தோடு பேசியதுண்டு. மேக்கணக்கிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

ஆறே முக்காலுக்குத் தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு அவள் வழமைபோல் இறங்கினாள். பாடசாலை இல்லாத நாள்; ஆயினும் நாம் பார்க்கவேண்டும் என்று கேட்டதற்காக நடந்தாள். இரண்டு வழிகள் உண்டு. கொழுந்து லொறி செல்லும் பாதை ஸ்டோரைச் சுற்றி வருகிறது. கைபேசியின் கணக்கில் 7 கிலோமீற்றர். தேயிலைக்குள் இறங்கும் குறுக்கு 4.5 கிலோமீற்றர். குறுக்கு என்பது மழைநீர் வெட்டிய ஒரு கோடு. கானைத் தாண்டி, பாறையில் கைவைத்து இறங்கி, ஓடைக்கு மேலே ஒரு மரத்துண்டின் மீது நடக்கவேண்டும். சப்பாத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, கீழே வந்து கால் கழுவி, அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அணிந்துகொள்வது அவள் வழக்கம். வெள்ளைச் சப்பாத்து அழுக்காயிருப்பதற்காகவும் ஒரு முறை அவளைக் கண்டித்திருக்கிறோம்.

நடந்து முடிக்க நமக்கு ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. நமக்காக அவள் நின்று நின்று வந்தாள். தனியே வந்தால் ஒன்றேகால் மணித்தியாலம். ஆறே முக்காலுடன் ஒன்றேகாலைக் கூட்டினால் எட்டு மணி. ஓர் ஆண்டாக நாம் சோம்பல் என்று பெயரிட்டிருந்த அந்த எட்டு மணி, பிரட்டு நேரமும் பிள்ளைக்காம்பராவின் கதவும் மலையின் சரிவும் சேர்ந்து போட்ட ஒரு கூட்டல் கணக்கு. அதில் அவள் மாற்றக்கூடிய இலக்கம் ஒன்றும் இல்லை.

லொறிப் பாதை ஏன் ஸ்டோரைச் சுற்றுகிறது என்பதும் அன்று விளங்கிற்று. பறித்த கொழுந்து சில மணித்தியாலங்களுக்குள் ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும். தாமதமானால் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே கொழுந்துக்குப் பாதை உண்டு, வாகனம் உண்டு, நேரம் உண்டு. பிள்ளையும் குறித்த வேளையிற் போய்ச் சேராவிட்டால் வாடிவிடும் என்று எந்தக் காலத்திலும் எவரும் கணக்கிட்டுப் பாதை போடவில்லை.

*

ஒரு பொருள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக எடுக்கும் நேரத்தைக் கணிக்கலாம். ஓர் உரிமை போய்ச் சேர எடுக்கும் நேரத்தையும் அவ்வாறே கணித்துப் பார்த்தோம். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். கொழும்பிலிருந்து லயத்துக்கு வந்து சேர, அந்த உரிமைக்கு 32 ஆண்டுகள் பிடித்தன. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும் சட்டங்கள் இடையிடையே வந்தன. எஞ்சிய நாடற்றவருக்கும் வழி திறந்தது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம். 55 ஆண்டுகள்! காகம் பறந்தால் 130 கிலோமீற்றர்.

ஆனால் உரிமையின் பிரயாணம் சட்டப் புத்தகத்தில் முடிவதில்லை என்பதை மேக்கணக்கு நமக்குக் கற்பித்தது. அது பாடசாலை வாசல் வரை வந்துவிடுகிறது. வகுப்புக்குள்ளே போகவேண்டிய இறுதிப் பத்து அடியில், தாழ்வாரத்தில், அதைத் தடுத்து நிறுத்தியவர் யார்? அரசாங்கத்தையும் கம்பனியையும் குற்றம் சாட்டுவது நியாயமே, நாமும் சாட்டுகிறோம். அந்தப் பத்து அடியை மட்டும் அவர்கள் கணக்கில் எழுத முடியாது.

ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொன்னோம். ஒருவருக்கு விதியைத் தளர்த்தினால் நாளை எல்லோரும் பிந்துவார்கள் என்றார் ஒரு நண்பர். அவர் கொடியவர் அல்லர். அவரும் லயத்திற் பிறந்து, அதிகாலையில் நடந்து படித்து வந்தவர். தாம் பட்ட பாட்டை மற்றவரும் படலாம் என்பது அவர் வாதம். நாம் அவரோடு வாதாடவில்லை. மேக்கணக்குக்கு ஒரு முறை வாருங்கள் என்று மட்டும் கேட்டோம். அவர் வந்தார்.

பிள்ளைக்காம்பராவைப் பார்க்கும் அம்மாவிடம் பேசினோம். ஆறேகாலுக்கே கதவைத் திறக்க அவர் இணங்கினார். இரண்டாந் தவணையிலிருந்து பிள்ளை ஏழரைக்கு வந்துசேர்ந்தாள். நமக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சியை உற்றுப் பார்த்தபோது அதற்குள் ஒரு முள் இருந்தது. அந்த அம்மா முந்தித் திறக்கும் அரை மணித்தியாலத்துக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஒரு தொழிலாளியின் சுமையை இறக்கி மற்றொரு தொழிலாளியின் தலையில் வைத்ததைத்தான் நாம் சாதனை என்று எண்ணியிருந்தோம். தோட்ட நிருவாகத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினோம். எழுதிக்கொண்டிருக்கிறோம்.

கணித ஆசிரியர் திரும்பி வந்தபின், அவருடைய அனுமதியோடு ஒன்பதாந் தரத்துக்கு வேறொரு கணக்குக் கொடுத்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடக்கும் தூரத்தையும் நேரத்தையும் அளந்து வரவேண்டும். தாளை நீட்டும்போது பிள்ளை சொன்னாள்:

"போக வர ஒம்போது கிலோமீற்றர், சேர். முப்பத்தெட்டு நாள் நடந்தா லண்டன்லருந்து பாரிசுக்குப் போயிறலாம்."

சரிபார்த்தோம். 342 கிலோமீற்றர். பாடசாலை நடைபெறும் நாள்களை ஏறத்தாழ 190 என்று கொண்டால், ஓராண்டில் அவள் ஐந்து முறை அந்த வழியை நடந்து தீர்க்கிறாள். எந்த நகரத்தையும் அவள் சென்றடைவதில்லை; எட்டு மணி வெயிலில் ஒரு தாழ்வாரத்தைத்தான் அடைந்திருந்தாள்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களிற் சரிந்தன; உயிர்கள் போயின. கோச்சிப் பாதையும் அறுந்தது. கொழும்பு எவ்வளவு தூரம் என்று கேட்டால், அந்நாள்களில் சொல்வதற்கு விடையே இருக்கவில்லை. மேக்கணக்கில் லயம் தப்பியது. குறுக்கின் நடுப்பகுதி மண்ணோடு போய்விட்டது. பாடசாலை மீண்டும் தொடங்கியபோது பிள்ளை லொறிப் பாதையால் வந்தாள். எட்டு மணி கடந்திருந்தது. நாம் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். மூச்சு வாங்கியபடியே, "இனி இருவத்தஞ்சு நாள்ல பாரிசு, சேர்" என்று சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் நில்லாமல் உள்ளே போய் அமர்ந்தாள்.

ஆசிரிய நண்பர்களே, நாளை ஆசிரியராக இருக்கும் மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இடாப்பில் மிக அதிகமாகச் சிவப்புக் குறி விழுந்த பெயர் எதுவோ, அந்தப் பிள்ளையோடு ஒரு நாள் அதன் வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடந்து வாருங்கள். கடிகாரத்தைக் கையிற் கொண்டுசெல்லுங்கள். பாதையை அளந்து, யார் போட்டது, எதற்காகப் போட்டது என்று கேளுங்கள். அளந்ததைக் கல்வி அலுவலகத்துக்கும் தோட்டத்துக்கும் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் முறைப்பாடு. ஒவ்வொரு பாடசாலையும் எழுதினால் அது ஒரு தேசப்படம்.

நம் பழைய இடாப்பில் அந்தச் சிவப்புக் குறிகள் அப்படியே இருக்கின்றன. அழிக்க விதி இடந்தராது. அவை அவளுடைய பெயருக்கு நேரே இருந்தாலும், யாருடைய பிழையைக் காட்டுகின்றன என்பது நமக்குத் தெரியும்.